தோழி வாசித்தது

ஆம்பியன்ட் இசை என்று ஒரு வகை இருக்கிறது. தமிழில் சூழலிசை என்று சொல்லிக்கொள்ளலாம். பல்லவி, சரணம், தாளக்கட்டு எதுவும் அதில் முன்னுக்கு வராது. நீண்ட சுரங்கள் மெதுவாக எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, கலைந்துபோகும். உட்கார்ந்து கவனித்தும் கேட்கலாம், வேலை செய்துகொண்டே காதோரம் ஓடவும் விடலாம். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் இசைஞர் பிரையன் ஈனோ. அவருடைய ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ இசைத்தட்டு 1970களின் இறுதியில் வந்தது. இன்று இந்த வகையில், மாடுலர் சிந்தசைசரோடு செல்லோ, புல்லாங்குழல், தம்புரா போன்ற கருவிகளையும் சேர்த்துப் பலர் கூடிச் செய்யும் இசைத்தட்டுகள் நிறைய வருகின்றன. அவற்றின் வரலாற்றைப் படிக்கும்போது பெண்கள் அதில் எங்கே நிற்கிறார்கள் என்று தேடினேன். அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தோழியாக இருக்கிறார்கள்.

ஈனோவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஜூடி நைலன் ஒரு யாழ் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். தோழி போன பிறகு ஈனோ அதைச் சுழலவிட்டார். ஒலி மிகவும் குறைவாக இருந்தது, எழுந்து கூட்டவும் முடியவில்லை. மழைச்சத்தத்துக்கு நடுவே பாதி கேட்டும் பாதி கேளாமலும் போன அந்த இசையிலிருந்துதான் புதிய வகையின் எண்ணம் பிறந்ததாக அவர் எழுதினார். ஜூடி நைலன் பின்னாளில் சொன்ன விவரம் வேறு. தானே தட்டை வைத்ததாகவும், மழைச்சத்தத்தோடு பொருந்தும்படி ஒலியின் அளவை வேண்டுமென்றே சமன் செய்ததாகவும் சொன்னார். முதல் கதையில் அவர் தட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர். இரண்டாம் கதையில் அந்தக் கேட்கும் முறையை உண்டாக்கியவர்களில் ஒருவர். புத்தகங்களில் நிலைத்தது முதல் கதை.

நம்முடைய அகப்பாடல்களில் தோழிக்குப் பெயர் கிடையாது. தலைவனுக்கும் தலைவிக்கும்கூட இல்லை. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. அந்த அளவில் அங்கே ஒரு சமநிலை உண்டு. இசை வரலாற்றில் தலைவனுக்குப் பெயரும் நூலும் சிலையும் கிடைக்கின்றன. தோழிக்குச் செய்தி கொண்டுவந்தவள் என்ற ஒரு வரி கிடைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. கர்நாடக இசைக் கச்சேரி மேடையைப் பார்த்தால் போதும். சூழலிசையின் அடிப்படை, விடாமல் ஒலிக்கும் ஒரு நிலைச்சுரம். நம் மரபில் அந்த வேலையைச் செய்வது தம்புரா. பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் இடம் அதுதான். தம்புராக்காரர் பின்னால் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராக நான்கு தந்திகளை மீட்டுவார். அந்த இடத்தில் பெரும்பாலும் மாணவியோ மகளோ வீட்டுப் பெண்ணோ இருப்பார். அழைப்பிதழில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் போடுவார்கள். தம்புராவுக்கு எதிரே பெயர் இருப்பது அபூர்வம். பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது, எலக்ட்ரானிக் தம்புரா வந்தது. இப்போது கைப்பேசியில் செயலியே இருக்கிறது. ஒரு பெண் பெயரில்லாமல் செய்த வேலை ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டி எழுப்பும் ஒலிக்கும் சிந்தசைசர் எழுப்பும் நிலைச்சுரத்துக்கும் தூரம் அதிகமில்லை.

மாடுலர் சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அது ஒரே கருவியில்லை, தனித்தனிப் பெட்டிகளின் கூட்டம். ஆஸிலேட்டர் என்ற பெட்டி மின்னழுத்தத்தை அதிரவைத்துச் சுரத்தை உண்டாக்குகிறது. ஃபில்டர் அந்த ஒலியில் கூர்மையான பகுதியை வடிகட்டுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைக் கூட்டிக் குறைக்கிறது. ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்பதை இன்னொரு பெட்டி தீர்மானிக்கிறது. இவற்றுள் எதை எதோடு சேர்ப்பது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. முனையில் பிளக் வைத்த வயர்களால் ஒரு பெட்டியையும் இன்னொன்றையும் இணைக்க வேண்டும். இணைப்பை மாற்றினால் கருவியே மாறிவிடும்.

அந்தப் பிளக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. 1878இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர். அதன்பின் உலகெங்கும் அந்த வேலை பெண்களின் வேலையானது. நம் ஊர்களிலும் டிரங்க் கால் காலத்தில் போர்டின் முன் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு வயரை மாற்றி மாற்றிச் சொருகிய பெண்கள் இருந்தார்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் போர்டின் படத்தையும் முதல் சிந்தசைசரின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயர் தொங்கும் விதம் ஒன்றுபோல இருக்கும். வயர், பிளக், போர்டு என்றதும் அது ஆண்களின் உலகம் என்று நம் கல்லூரிப் பெண்களே சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு படங்களும் நினைவுக்கு வரும்.

இந்தியாவுக்கு மோக் நிறுவனத்தின் மாடுலர் சிந்தசைசர் 1969இல் வந்தது. வந்த இடம் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம். அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கே ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். 1969 முதல் 1972 வரை அங்கே இந்திய இசைஞர்கள் பதிவு செய்த டேப் ரீல்கள் ஆவண அறையில் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த இசைஞரும் ஆய்வாளருமான பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2023இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பாக அவை வெளிவந்தன. அதில் ஐந்து இந்திய இசைஞர்கள் இருக்கிறார்கள். நால்வர் ஆண்கள். ஐந்தாமவர் கீதா சாராபாய்.

கீதா 1922இல் பிறந்தார், அகமதாபாத்தின் பெரிய ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயின் மகள். விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று நாம் பள்ளியில் படிக்கும் விக்ரம் சாராபாய் இவருடைய அண்ணன். சென்னையில் வளர்ந்த நடனக் கலைஞர் மிருணாளினி இவருக்கு அண்ணி. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியதில் இவருடைய உடன்பிறப்புகளான கௌதம், கீரா இருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு. கீதா பகவாஜ் கற்றார். பகவாஜ், மிருதங்கத்தைப் போல இருபுறமும் வாசிக்கும் வடநாட்டுத் தோற்கருவி. அதைப் பெண்கள் தொடாத காலம் அது. அதை வாசித்த முதல் பெண்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். தோற்கருவிக்கும் பெண்ணுக்கும் நடுவில் போடப்பட்ட வேலி நமக்கும் தெரிந்ததுதான். கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால் மேடைக்கு வந்த காலத்தில், பெண் கடம் வாசித்தால் நாங்கள் மிருதங்கம் வாசிக்க மாட்டோம் என்று மறுத்த வித்வான்கள் இருந்தார்கள். அவர் பின்னால் பெண்களை மட்டுமே கொண்ட தாளக் குழுவை அமைத்தார்.

1946இல் கீதா நியூயார்க் போனார். மேற்கத்திய இசையை அறியாமல் அதன் தாக்கத்தை மதிப்பிட முடியாது என்று நினைத்தார். அங்கே இசைஞர் ஜான் கேஜைச் சந்தித்தார். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையைக் கற்றுத்தருவார், கீதா அவருக்கு இந்திய இசையைக் கற்றுத்தருவார், கட்டணம் கிடையாது. மாதக்கணக்கில் இது நடந்தது. இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனதை அமைதிப்படுத்தி, தெய்வீகத் தாக்கத்தை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரத்தான் என்று தன் ஆசான் சொன்னதைக் கீதா எடுத்துச் சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது ராமகிருஷ்ணரின் உபதேச நூலை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். கேஜ் அந்தப் பதிலைத் தன் வாழ்நாள் முழுவதும் மேற்கோள் காட்டினார். 1952இல் இசைஞர் ஒரு சுரமும் எழுப்பாத ‘4 நிமிடம் 33 விநாடி’ என்ற படைப்பைக் கொடுத்தார். அதில் கேட்பது அரங்கத்தின் சத்தம் மட்டுமே. சுற்றுச்சத்தமும் இசைதான் என்ற அந்த எண்ணத்திலிருந்து சூழலிசைக்கு ஒரு நேர்வழி போகிறது.

இசை வரலாற்று நூல்களில் கீதா சாராபாய் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறார். வந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வாக்கியமும் அவருடைய ஆசானுடையது. அவர் கொண்டுவந்தார், கேஜ் ஆக்கினார் என்று கதை முடிகிறது. கேஜ் இதை மறைக்கவில்லை, கீதாவின் பெயரைச் சொல்லித்தான் எழுதினார். ஆனாலும் பெயர் இருக்கும்போதே ஒருவருக்குத் தூதுப் பாத்திரம் மட்டும் கிடைக்க முடியும். 1949இல் அகமதாபாத்தில் சங்கீத் கேந்திரா என்ற அமைப்பை நிறுவி, மரபிசையைப் பதிவு செய்து காத்த கீதாவை அந்த நூல்கள் தேடிப் போவதில்லை. சிந்தசைசரின் முன் உட்கார்ந்து தானே இசையமைத்த கீதா, ரீலுக்குள் சுமார் ஐம்பது ஆண்டுகள் இருந்தார்.

அந்தத் தொகுப்பின் தலைப்புகளைப் பாருங்கள். ஜின்ராஜ் ஜோஷிபுரா ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்று பெயர் வைத்திருக்கிறார். எஸ். சி. சர்மாவின் படைப்பு ஒன்றுக்கு ‘போருக்குப் பிறகு’ என்று பொருள். ஐ. எஸ். மாத்தூரின் ஒரு படைப்புக்கு ‘ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்’ என்று பொருள்படும் தலைப்பு. மரபுக்கருவியும் மின்கருவியும் சந்திக்கும் இடத்தை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கீதாவின் இரண்டு படைப்புகளுக்கும் ‘கீதாபென்னின் ஆக்கம்’ ஒன்று, இரண்டு என்றே பெயர். பென் என்றால் குஜராத்தியில் அக்கா, சகோதரி. நம்மூரில் ‘கீதாக்கா போட்டது’ என்று எழுதிவைப்பது மாதிரி. அதில் மரியாதையும் உண்டு, அன்பும் உண்டு. விண்வெளி, போர், பறவை என்று மற்றவர்கள் எதைப் பற்றி இசையமைத்தார்கள் என்று தலைப்பு சொல்கிறது. இவருடையதில் இசையமைத்தது யார் என்பது மட்டும் தெரிகிறது, அதுவும் உறவுமுறையில். அந்த எழுத்தையாவது யாரோ எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்று அந்த ஒலி யாருடையது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

கீதாவைப் பற்றிப் பேசும்போது வர்க்கத்தை விட்டுவிட முடியாது. ஒரு பெண் 1946இல் தன் விருப்பப்படி நியூயார்க் போய் இசை கற்க முடிந்தது ஆலைப் பணத்தால். அதே குடும்பத்தில் அம்பாலாலின் சகோதரி அனசூயா சாராபாய், 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் சகோதரருக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். ஒரே வீட்டுப் பணம் கீதாவை நியூயார்க்குக்கு அனுப்பியது, அந்தப் பணத்தை உண்டாக்கிய உழைப்புக்காக வாதாடிய பெண்ணும் அதே வீட்டில் இருந்தார். கீதாவுக்குக் கருவி கிடைத்தது, இடம் கிடைத்தது. இத்தனை இருந்தும் அவருடைய இசை வெளியே வர அவர் 2011இல் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இவை எதுவும் இல்லாத பெண்ணின் நிலையை நாமே ஊகிக்கலாம்.

வெளிநாட்டுப் பெண்களின் கதையும் பெரிதாக மாறவில்லை. பிபிசி வானொலியில் டாஃப்னி ஓரம் என்ற பெண் முன்னின்று உருவாக்கிய மின்னொலிக்கூடம் 1958இல் தொடங்கியது. அங்கே வேலை செய்த டெலியா டெர்பிஷயர் 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஒவ்வொரு சுரமாக டேப்பில் வெட்டி ஒட்டிச் செய்தார். அவர் பெயர் திரையில் வர 2013 ஆனது. அவர் இறந்ததோ 2001இல். பிரான்சின் எலியான் ராதிக், மூத்த ஆண் இசைஞர்களுக்கு உதவியாளராக இருந்தவர். பின்பு சிந்தசைசரின் கட்டைவரிசையை ஒதுக்கிவிட்டு, குமிழ்களை மட்டும் திருகி, ஒரு சுரம் மணிக்கணக்கில் மெல்ல மாறும் இசையைச் செய்தார். முதுமையில் சிந்தசைசரையே விட்டுவிட்டுச் செல்லோவுக்கும் யாழுக்கும் வந்தார். அமெரிக்காவின் பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனும் மின்கருவியும் வாசித்தவர். 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்கள் குழுவோடு சேர்ந்து கூட்டாகக் கேட்பதற்கான பயிற்சிகளை வகுத்தார். அதில் மேடை, பின்வரிசை என்ற பிரிவே இல்லை. டெல்லியில் வளர்ந்து அமெரிக்காவில் வாழும் அருஷி ஜெயின், 2024இல் வெளியிட்ட ‘டிலைட்’ இசைத்தட்டில் பாகேஸ்ரீ ராகத்தை எடுத்துக்கொண்டு மாடுலர் சிந்தசைசரோடு செல்லோ, புல்லாங்குழல், சாக்ஸபோன் ஒலிகளைக் கலந்திருக்கிறார். நடுவில் இருப்பது அவருடைய குரல். இவருக்குத் தோழிப் பாத்திரம் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கம் வருவோம். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை மிர்ரா அல்ஃபாசா ஆர்கன் வாசிப்பார். ஆசிரமப் பள்ளி ஆசிரியர் சுனில் பட்டாச்சார்யா அந்த வாசிப்பை அடியாக வைத்து, இந்தியக் கருவிகளையும் குரல்களையும் மின்னணுக் கருவிகளையும் சேர்த்து நீண்ட இசைப் படைப்புகளைச் செய்தார். 1965 முதல் ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு அவருடைய இசை ஒலித்தது. இங்கே ஒரு பெண்ணின் வாசிப்பு மூலம் என்று முதலிலேயே சொல்லப்படுகிறது. அந்தப் பெண் அமர்ந்திருந்த இடம் அப்படி. அதிகாரம் உள்ள இடத்தில் பெண் இருந்தால் பெயர் தொலைவதில்லை.

ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள ஸ்வரம் பட்டறையில் கல், உலோகம், மூங்கில் கொண்டு புதிய இசைக்கருவிகளைச் செய்கிறார்கள். விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். ஆர்மோனியமும் முகவீணையும் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். திரௌபதியின் சபதம்தான் கூத்தின் உச்சம், ஆனால் மரபாக அந்த வேஷம் கட்டுவது ஆண். பெண்கள் பாடியது நடவு வயலிலும் இழவு வீட்டிலும்.

திண்டிவனத்தில் நாங்கள் சில பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். ‘என்ஐடி டேப்ஸ்’ தொகுப்பைச் சேர்ந்து கேட்டதும் அங்கேதான். அதைக் கேட்ட இரண்டு கல்லூரி மாணவிகள் தாங்களும் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார்கள். மாடுலர் சிந்தசைசரைக் கணினிக்குள்ளேயே தரும் விசிவி ராக் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நிலைச்சுரத்தை உண்டாக்கி, அதன்மேல் தங்கள் ஊர்ப் பெண்களின் நடவுப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து கலந்தார்கள். நன்றாகவே வந்திருந்தது. அட்டைக்கு எழுதிய குறிப்பில் இசை என்ற இடத்தில் இருவர் பெயரும், அதன் கீழே ‘நடவுப் பாட்டு: கிராமியப் பெண்கள்’ என்றும் இருந்தது.

அந்த மாணவிகளில் ஒருத்தியின் ஆயாவும் பாடியவர்களில் ஒருவர். பேத்தி குறிப்பைப் படித்துக் காட்டியதும் அவர் கேட்டார்: “கிராமியப் பெண்கள்னு போட்டிருக்கியே, எந்தப் பொண்ணுன்னு யாராச்சும் கேட்டா யார காட்டுவ?”

“எல்லாரும் சேந்துதானே ஆயா பாடுனீங்க?”

“சேந்துதான் பாடனோம். எடுத்துக் குடுத்தது யாரு, அவ பேரு இல்லியா? நீங்க ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சீங்க, உங்க பேரு மட்டும் தனித்தனியா இருக்குதே.”

அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். நாட்டார் பாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது, அது ஊரின் சொத்து என்று ஒருவர் சொன்னார். மெட்டு ஊருடையது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குப் பாடிய குரல் ஊருடையதல்ல, அது ஒருத்தியுடையது. நடவில் முன்பாட்டுக்காரி சொல்லைக் கட்டுகிறாள், வேகத்தைத் தீர்மானிக்கிறாள், மற்றவர்கள் களைத்தால் வரியை நீட்டுகிறாள். அது இசையமைப்பு வேலை. தலித் பெண்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனிந்தபடி செய்த இசையமைப்பு அது. அந்தக் குரலை எடுத்து, பெயரை உதிர்த்து, பின்னணியில் மங்கலாக ஓடவிட்டால் கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கும். கூலியில் பிடித்தம் போன கதையைச் சொல்லும் வரிகூட மழைச்சத்தம் மாதிரி ஆகிவிடும். கூட்டு முயற்சி என்று அட்டையில் எழுதுவது எளிது. யாருடைய உழைப்பு கூட்டு என்ற சொல்லுக்குள் கரைகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அது பின்வரிசையில் இருப்பவளின் உழைப்பு. அவள் எந்தச் சாதிக்காரி என்பதும் அதில் ஒரு காரணம்.

மாணவிகள் பாடியவர்களிடம் திரும்பப் போனார்கள். செய்ததை முழுவதும் போட்டுக் காட்டினார்கள். ஒரு பாட்டை வெளியே விட வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், அந்தக் கூவல் சத்தத்தைக் குறை, எங்க சொல்லு கேக்கல என்று முன்பாட்டுக்காரி சொன்னார். சிந்தசைசரின் ஃபில்டரை இறக்கினார்கள். சொல் மேலே வந்தது. அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் அது உண்மையில் கூட்டுப் படைப்பானது என்று நினைக்கிறேன். குரல் கொடுத்தவர்களுக்குக் கலவையிலும் ஒரு கை இருந்தது. இப்போது அட்டையில் ஆறு பாடகிகளின் பெயரும் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தவர் யார், எந்த ஊர் வயல், எந்தப் பட்டம் என்பதும் இருக்கிறது. ஏதாவது பணம் வந்தால் எட்டுப் பங்கு என்றும் எழுதிக்கொண்டார்கள்.

மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பதிவு செய்யுங்கள், வயரை மாற்றிச் சொருகிப் பாருங்கள், அம்மாவின் தாலாட்டோடும் ஆயாவின் ஒப்பாரியோடும் மின்னொலியைச் சேருங்கள். சேர்க்கும் அன்றே யார் பாடியது, யார் சுருதி பிடித்தது, யார் ஒலியைச் சமன் செய்தது என்று பெயரோடு எழுதிவையுங்கள். அகமதாபாத்தில் ஒரு ரீலின்மேல் யாரோ அப்படி எழுதிவைத்திருக்காவிட்டால், கீதா சாராபாய் இன்றும் நமக்கு ஜான் கேஜின் தோழியாக மட்டுமே தெரிந்திருப்பார்.